எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டது போதும், எந்தப் படகு என்று கேளுங்கள்

மதிப்புக்குரிய தமிழ்நாடு, புதுச்சேரி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கட்சி பார்க்காமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். நான் தில்லி மயூர் விஹாரில் குடியிருப்பவன். சொந்த ஊர் மரக்காணம் பக்கம். வேலை பார்த்த காலம் முழுக்கப் பாலங்களுக்கு வரைபடம் போட்டவன். பக்கிங்காம் கால்வாயில் மறுபடியும் படகு விடுவது பற்றி எங்கே பேச்சு வந்தாலும் விடாமல் படிப்பேன். எத்தனை கிலோமீட்டர், எத்தனை கோடி, எப்போது முடியும் என்பதைச் சுற்றியே பேச்சு ஓடுகிறது. கால்வாயில் போகப்போகும் படகு எவ்வளவு பெரியது என்று கேட்பவர் அரிது. அந்தக் கேள்வியை நீங்கள் அவையில் கேட்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கிங்காம் கால்வாயும் அடங்கிய நான்காம் தேசிய நீர்வழி 2008 நவம்பரில் அறிவிக்கப்பட்டபோது அதன் நீளம் 1,078 கி.மீ. காக்கிநாடா கால்வாய் 50, ஏலூரு கால்வாய் 139, கொம்மமூரு கால்வாய் 113, வட பக்கிங்காம் 316, தென் பக்கிங்காம் 110, மரக்காணத்திலிருந்து புதுச்சேரிவரை கழுவேலி ஏரி வழியாக 22, இவற்றோடு கோதாவரியில் 171, கிருஷ்ணாவில் 157. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். சரி, காக்கிநாடாவில் சரக்கு ஏற்றிய படகு புதுச்சேரிவரை இறக்காமல் வந்து சேர வேண்டுமென்றால், அந்தப் படகு அதிகபட்சம் என்ன அளவில் இருக்கலாம்? இந்தக் கேள்விக்கு 1,078 என்ற எண்ணில் பதில் இல்லை. பாதையில் எங்கோ இருக்கும் ஒரே ஒரு தாழ்ந்த பாலத்தில், படகை மட்டம் மாற்றி ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டியான ஒரு குறுகிய லாக்கில், அல்லது மணல் மேடிட்ட ஒரு பர்லாங்கில் அந்தப் பதில் இருக்கிறது. மற்ற ஆயிரம் கிலோமீட்டரும் கடல்போல அகன்று கிடந்தாலும் படகின் அளவை அந்த ஓர் இடம்தான் முடிவு செய்யும்.

நம் ஊர்க் கோயில் தேரை நினைத்துப் பாருங்கள். தேர் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதைத் தச்சர் மட்டும் முடிவு செய்வதில்லை. மாடவீதியின் மூலை முடிவு செய்கிறது. நேர் வீதியில் வடம் பிடித்தால் தேர் ஓடிவிடும். மூலைக்கு வந்ததும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். முட்டுக்கட்டை போடுகிறவர் சக்கரத்தோடு சக்கரமாகக் குனிந்து நிற்பார். மேலே மின்கம்பியை முதல் நாளே கழற்றி வைத்திருப்பார்கள். நாலு வீதியில் மூன்று அகலமாக இருந்து ஒன்று குறுகலாக இருந்தால், அந்த ஒரு வீதிக்குத்தான் தேர் செய்ய வேண்டும். கால்வாய்க்கும் கணக்கு இதுவேதான்.

உலகத்தில் இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். ஜேம்ஸ் பிரின்ட்லி என்ற பொறியாளர் 1766-ல் ட்ரென்ட் – மெர்சி கால்வாயைத் தொடங்கினார். நடுவில் ஹேர்காஸ்ல் குன்று. அதைக் குடைந்து 2.6 கி.மீ. நீளத்துக்குச் சுரங்கம் போட வேண்டும். கையால் வெட்டும் காலம் அது. சுரங்கம் ஓர் அடி அகலமானால் கூலியும் காலமும் எங்கோ போய்விடும். அதனால் குறுகலாகவே வெட்டினார்கள். லாக்குகளையும் ஏறக்குறைய 72 அடி நீளம், 7 அடி அகலம் என்று அதற்கு ஏற்றபடி கட்டினார்கள். பிரின்ட்லி 1772-ல் இறந்துபோனார், கால்வாய் 1777-ல் முடிந்தது. அதோடு பின்னால் வந்த கால்வாய்கள் பலவும் சேரவேண்டியிருந்ததால், அவையும் அதே 7 அடியைப் பிடித்துக்கொண்டன. ஒரு படகுக்கு 25, 30 டன் சரக்குக்கு மேல் ஏற்ற முடியாமல் போனது. ரயில் வந்ததும் அந்தக் குறுகல் கால்வாய்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. இன்றைக்கு அங்கே உல்லாசப் படகு கட்டுகிறவர்கூட 7 அடிக்குள்தான் கட்டுகிறார். 250 ஆண்டுக்கு முன் ஒரு குன்றுக்காக எடுத்த முடிவு இன்னும் கட்டளை போடுகிறது.

பிரான்ஸ் வேறு வழியில் போனது. 1879-ல் அமைச்சர் ஃப்ரெசினே, நாட்டின் முக்கியக் கால்வாய்களின் லாக்குகள் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார். 38.5 மீட்டர் நீளம், 5.05 மீட்டர் அகலம் உள்ள படகு எங்கும் தடையில்லாமல் போகலாம் என்று ஆனது. அன்றைக்கு அது பெரிய முன்னேற்றம். படகு கட்டுகிறவருக்கு என்ன அளவு என்று தெரியும், சரக்கு அனுப்புகிறவருக்கு எத்தனை டன் என்று தெரியும். அந்த அளவும் ஒரு நூற்றாண்டுக்குள் சிறியதாகிவிட்டது உண்மைதான். ஆனாலும் அளவை முதலில் அறிவித்துவிட்டு வேலையைத் தொடங்கினார்கள் பாருங்கள், அந்த ஒழுங்கைத்தான் நான் உங்களிடம் கேட்கிறேன்.

லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு வைத்த தொட்டி. படகு உள்ளே வந்ததும் கதவை மூடி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். தொட்டியின் நீள அகலம்தான் படகின் நீள அகலம், அதில் பேரம் கிடையாது. பனாமா கால்வாயின் பழைய லாக்குகள் 110 அடி அகலம். அமெரிக்கா அயோவா வகைப் போர்க்கப்பல்களைக் கட்டியபோது, அவை இந்த லாக்கில் நுழைய வேண்டும் என்பதற்காக அகலத்தை 108 அடி 2 அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒரு பக்கத்துக்கு 11 அங்குலம்தான் மிச்சம். வல்லரசின் கடற்படையே தொட்டிக்குத் தக்கபடி கப்பல் கட்டியது.

அப்படியானால் தொட்டியைப் பெரிதாகவே கட்டிவிடலாமே என்று தோன்றும். தண்ணீர் வேண்டுமே. ஃப்ரெசினே அளவு லாக் 39 மீட்டருக்கு 5.2 மீட்டர். மட்ட வித்தியாசம் இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், கதவு ஒருமுறை திறந்து மூட மேல் பக்கத்திலிருந்து சுமார் 5 லட்சம் லிட்டர் கீழே போய்விடும். மேட்டு நிலத்தில் வெட்டிய கால்வாய்க்கு இது பெரிய செலவு. நம் பக்கிங்காம் கால்வாய்க்கு இந்தத் தொல்லை குறைவு. அது கடலை ஒட்டியே ஓடுகிறது, முகத்துவாரங்கள் வழியாக ஓதம் ஏறி இறங்குகிறது. தண்ணீருக்குப் பதில் அதற்கு மணலும் சேறும்தான் எதிரி.

ஆழம் குறைந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்கில் காட்டுகிறேன். இந்திய உள்நாட்டு நீர்வழிகள் ஆணையம் 2006-ல் நீர்வழிகளை ஏழு வகையாகப் பிரித்து விதி வகுத்தது. அதில் இரண்டாம் வகைக் கால்வாய்க்கு ஆழம் 1.8 மீட்டர், அடி அகலம் 30 மீட்டர். அதில் போகத் தக்கது 300 டன் படகு. 45 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், முழுச் சரக்கோடு 1.2 மீட்டர் தண்ணீருக்குள் அமிழும். இந்தப் படகு 10 செ.மீ. குறைவாக அமிழ வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 30 டன் சரக்கை இறக்கிவிட வேண்டும். அதாவது கால்வாயின் ஏதோ ஓரிடத்தில் அரைச் சாண் சேறு கூடுதலாகச் சேர்ந்தால்கூட, அந்தப் பாதையில் போகும் ஒவ்வொரு படகின் ஒவ்வொரு நடையிலும் கூலியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். தூர்வாரியதாகக் கணக்குக் காட்டும் நீளத்தால் இதற்குத் தீர்வு கிடையாது. மிச்சமிருக்கும் மேடு எங்கே, அதன்மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதுதான் விஷயம்.

1.2 மீட்டர் அமிழும் படகுக்கு எதற்கு 1.8 மீட்டர் ஆழம் என்று அதிகாரிகளே கேட்பதுண்டு. அதற்கும் காரணம் இருக்கிறது. கால்வாயில் படகு ஓடும்போது அது முன்னால் தள்ளும் தண்ணீர், படகின் இரு பக்கமும் அடியிலுமாகப் பின்னோக்கி ஓடித்தான் ஆக வேண்டும். வேறு போக்கிடம் இல்லை. அப்படி வேகமாக ஓடும்போது படகைச் சுற்றி நீர்மட்டம் தாழும், படகும் அதோடு தாழும். கரையில் நின்று பார்த்தால் நன்றாகத் தெரியும். படகு பக்கத்தில் வரும்போது கரையோரத் தண்ணீர் உள்வாங்கி, ஈரச் சேறு ஒரு கோடாக வெளியே தெரியும். படகு கடந்ததும் அந்தத் தண்ணீர் அலையாகத் திரும்பி வந்து கரையை அறையும். இடம் நெருக்கமாக இருந்தால் படகின் பின்பக்கம் தரையைத் தொட்டுவிடும், கரை மண் கரையும், எஞ்சினை எவ்வளவு முடுக்கினாலும் எண்ணெய்தான் செலவாகும், வேகம் வராது. அதனால்தான் கால்வாயின் நீர்க் குறுக்குப் பரப்பு, படகின் அமிழ்ந்த குறுக்குப் பரப்பைப்போல ஐந்தாறு மடங்காவது இருக்க வேண்டும் என்பார்கள். மேலே சொன்ன கால்வாய்க்குக் கரைச்சரிவையும் சேர்த்தால் பரப்பு சுமார் 59 சதுர மீட்டர். படகுக்கு 9.6. ஆறு மடங்கு வந்துவிடுகிறது. விதி எழுதியவர்கள் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

வளைவைப் பற்றி ஒரு வார்த்தை. 45 மீட்டர் படகு 500 மீட்டர் ஆரமுள்ள வளைவில் தன் அகலத்துக்கு மேல் இரண்டு மீட்டர் இடம் கேட்கும். ஆரம் 150 ஆனால் ஆறு மீட்டருக்கு மேல் கேட்கும். பக்கிங்காம் பெரும்பாலும் நேராகவே போவதால் இது நமக்குப் பெரிய கவலை இல்லை.

நமக்குப் பெரிய கவலை பாலங்கள்தான். என் தொழில் அதுவென்பதால் மட்டும் சொல்லவில்லை. மணலை வாரிவிடலாம், கரையை வெட்டி அகலப்படுத்தலாம், லாக்கைக்கூட இடித்துக் கட்டலாம். பாலத்தை ஒருமுறை கட்டிவிட்டால் நூறு வருஷத்துக்கு யாரும் தொடமாட்டார்கள். பனாமாவில் 2016-ல் பெரிய லாக்குகளைத் திறந்தார்கள், 55 மீட்டர் அகலம். அப்படியும் கப்பலின் உயரம் தண்ணீருக்கு மேல் 57.91 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பது மாறவில்லை. காரணம், பசிபிக் பக்கத்து வாயிலில் 1962-ல் கட்டிய பாலம். அமெரிக்காவில் நியூ ஜெர்சியையும் ஸ்டேட்டன் தீவையும் இணைக்கும் பேயோன் பாலத்தின் கீழே பெரிய கப்பல்கள் போக முடியவில்லை என்று, 1931-ல் திறந்த பாலத்தின் தளத்தை 151 அடியிலிருந்து 215 அடிக்கு உயர்த்தினார்கள். 2017-ல் பெரிய கப்பல்கள் வந்தன. அவர்களுக்கு அந்தத் துறைமுகத்தின் வருமானம் இருந்தது, செய்தார்கள். நம் ஊரில் ஓர் இணைப்புச் சாலைப் பாலத்தை யார் உயர்த்தித் தருவார்கள்?

ஐரோப்பாவின் உள்நாட்டு நீர்வழிகளில் பாலத்தின் உயரத்தைச் சரக்குப் பெட்டிகளின் அடுக்கோடு சேர்த்தே வகுத்திருக்கிறார்கள். தண்ணீருக்கும் பாலத்தின் அடிவயிற்றுக்கும் நடுவே 5.25 மீட்டர் இருந்தால் கன்டெய்னர் இரண்டடுக்கு, 7 மீட்டர் இருந்தால் மூன்றடுக்கு, 9.1 மீட்டர் இருந்தால் நாலடுக்கு. ஒரே படகுதான், ஒரே எஞ்சின், அதே ஆட்கள். பாலம் இரண்டு மீட்டர் தாழ்ந்தால் ஓர் அடுக்கு வருமானம் போச்சு. இன்னொரு சங்கடமும் உண்டு. சரக்கை இறக்கிய வெறும் படகு தண்ணீரில் உயர்ந்து மிதக்கும். போகும்போது சுமையோடு நுழைந்த பாலத்தில் திரும்பி வரும்போது இடிக்கும். அதற்காக அடித்தொட்டியில் தண்ணீரை நிரப்பிப் படகைத் தாழ்த்துவார்கள், ஓட்டுநர் அறையையே கீழே இறக்கிக்கொள்ளும்படி கட்டுவார்கள். அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது.

வரைபட மேசையில் இது எப்படி நடக்கிறது என்று பார்த்தவன் நான். கால்வாய்மேல் சாலைப் பாலம் என்று ஒரு வேலை வரும். உச்ச வெள்ள மட்டம் எழுதியிருக்கும், சாலையின் அகலம் எழுதியிருக்கும், மண் பரிசோதனை இணைத்திருக்கும். படகுக்கான இடைவெளி என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு இழுத்திருக்கும். அந்தக் கட்டத்தை நிரப்பும்படி கேட்க யாரும் இல்லை, அவ்வளவுதான். பாலத்தை ஒரு மீட்டர் உயர்த்தினால் முப்பதுக்கு ஒன்று சரிவில் இரு பக்கமும் 30 மீட்டர் சாய்தளம் கூடும். அந்தச் சாய்தளத்துக்கு நிலம் வேண்டும், கடைகளை எடுக்க வேண்டும், வழக்கு வரும். ஆகவே வெள்ளம் தொடாத உயரத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். இன்றைய செலவில் பார்த்தால் அதுதான் மலிவு. படகின் அளவும் அந்த மேசையிலேயே, படகு என்ற சொல்லை யாரும் உச்சரிக்காமலேயே, முடிவாகிவிடுகிறது.

நான் இருக்கும் தில்லியைப் பாருங்கள். ஓக்லாவிலிருந்து ஆக்ரா கால்வாய் 1874-ல் திறக்கப்பட்டது. பாசனத்தோடு படகுப் போக்குவரத்தும் அதில் நடந்தது. 1904-ல் படகை நிறுத்திவிட்டார்கள். இங்கிருந்து ஹரித்துவார் போகும் வழியில் முராத்நகரில் நின்று மேல் கங்கைக் கால்வாயைப் பார்த்தால் மனம் நிறைந்துபோகும். 1854-ல் ஆங்கிலேயப் பொறியாளர் கோட்லி முடித்த வேலை. அருவிபோல விழும் இடங்களின் ஓரத்தில் படகுக்கென்று லாக்கெல்லாம் கட்டினார். ஆனால் கால்வாயின் சரிவு கூடுதல், ஓட்டம் வேகம், படுகையே அரித்துக்கொண்டு போனது. நம் கொள்ளிடத்தில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டன் இதைக் கடுமையாக விமர்சித்தார். அவருக்குக் கால்வாய் என்றால் பாசனமும் படகும் சேர்ந்ததுதான். வயலுக்குத் தண்ணீர் வேகமாகப் போக வேண்டும், படகுக்குத் தண்ணீர் நிதானமாக நிற்க வேண்டும். இரண்டையும் ஒரே வாய்க்காலில் கேட்டால் யாருக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும்.

இன்றைய யமுனை 110-ஆம் தேசிய நீர்வழி. ஜகத்பூரிலிருந்து பிரயாகை சங்கமம்வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஜகத்பூரிலிருந்து கொஞ்சம் கீழே வந்தால் வஜீராபாத் தடுப்பணை, அப்புறம் ஐ.டி.ஓ. தடுப்பணை, அப்புறம் ஓக்லா. நடுவில் பழைய இரும்புப் பாலம். 2025 மார்ச்சில் சோனியா விஹார் – ஜகத்பூர் இடையே சுற்றுலாப் படகு விட ஒப்பந்தம் கையெழுத்தானது. 4 கி.மீ. தூரம், அதுவும் வஜீராபாத் அணைக்கு மேலே தேங்கிய தண்ணீரில். சிறிய படகுதான். அந்த நாலு கிலோமீட்டருக்கு அது பொருத்தமான படகு, அதில் எனக்குக் குறை இல்லை. ஆயிரத்துக்கும் நாலுக்கும் இடையில் என்ன தடுக்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்லாமல் ஆயிரத்தை மட்டும் சொல்வதில்தான் குறை.

இனி நம் கால்வாய்க்கு வருகிறேன். 1806-ல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர்வரை வெட்டித் தொடங்கி வைத்தது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. துண்டு 1877–78-ல், தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பட்டினி கிடந்த சனங்கள் கூலிக்காகத் தோண்டிய மண் அது. அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வந்தது. ஆந்திரத்திலிருந்து சவுக்கு விறகும் அரிசியும், எங்கள் பக்கத்திலிருந்து உப்பும் அதில் போயின. மரக்காணத்து உப்பு ஏற்றிய படகுகளைக் காற்று இருந்தால் பாய் விரித்தும், இல்லாவிட்டால் ஆட்கள் கரைமேல் நடந்து கயிற்றால் இழுத்தும் கொண்டுபோவார்கள் என்று என் தகப்பனார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தோளில் கயிற்றுத் தழும்பு இருந்த ஒரு பெரியவரை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

அந்தக் கூவம் – அடையாறு துண்டில்தான் பறக்கும் ரயிலின் தூண்கள் இன்று நிற்கின்றன. சேப்பாக்கம்வரை 1995-ல் ரயில் ஓடியது, மயிலாப்பூர்வரை 1997-ல், வேளச்சேரிவரை 2007-ல். திருவல்லிக்கேணியிலோ மயிலாப்பூரிலோ நிலையத்து நடைமேடையிலிருந்து எட்டிப் பாருங்கள். கறுத்த தண்ணீருக்குள் வரிசையாகக் காங்கிரீட் தூண்கள் இறங்கியிருக்கும், தூணைச் சுற்றிக் குப்பை சேர்ந்திருக்கும். 2008-ல் இதைத் தேசிய நீர்வழி என்று சட்டம் இயற்றியபோது அந்தத் தூண்கள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தன. சட்டத்தில் தென் பக்கிங்காம் சென்னை மத்திய ரயில் நிலையத்திலிருந்து தொடங்குகிறது. முதல் சில கிலோமீட்டரே தூண்களுக்கு நடுவேதான். இரண்டாம் வகைக் கால்வாயில் பாலத்தின் தூண்களுக்கு இடையே 30 மீட்டர் தெளிவான இடைவெளியும், மேலே 5 மீட்டர் உயரமும் வேண்டும் என்கிறது ஆணையத்தின் விதி. நகரத்துக்குள் அது நடக்காது என்பது பார்த்தவுடனே தெரியும். அதை ஒப்புக்கொண்டு, வடக்கே ஒரு துண்டு, முட்டுக்காட்டுக்குத் தெற்கே ஒரு துண்டு, நகரத்துக்குள் மழைநீர் போகும் வாய்க்கால் என்று வெளிப்படையாகப் பிரித்துத் திட்டம் போட்டாலாவது ஏதாவது நடக்கும்.

ஏனென்றால் முட்டுக்காட்டுக்குத் தெற்கே இன்னும் கைவிட்டுப் போகவில்லை. பழைய மாமல்லபுரம் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவே கால்வாய் ஓடுகிறது. கேளம்பாக்கம் – கோவளம், திருப்போரூர் – நெம்மேலி என்று குறுக்குச் சாலைகள் அதைத் தாண்டுகின்றன. அந்தப் பக்கம் ஊர் பெருகுகிற வேகத்துக்கு இன்னும் பல பாலங்கள் வரும், இருப்பவை அகலமாகும். அவை ஒவ்வொன்றின் உயரமும் ஒரு தீர்ப்பு. தாழ்வாக ஒன்றே ஒன்று வந்தால் போதும், மற்றவை எல்லாம் உயரமாக இருந்தும் பயன் இல்லை. தேசிய நீர்வழிமேல் பாலம் கட்ட இன்று ஆணையத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். அது நல்ல ஏற்பாடு. ஆனால் இந்தக் கால்வாய்த் துண்டு எந்த வகை என்று ஆணையம் உறுதியாக நின்றால்தான் அந்தச் சான்றுக்குப் பொருள் உண்டு. முதல் வகை என்றால் 100 டன் படகு, 4 மீட்டர் உயரம். இரண்டாம் வகை என்றால் 300 டன், 5 மீட்டர். மூன்றாம் வகை என்றால் 500 டன், உயரம் இன்னும் கூடும்.

பெரிய படகுதான் வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை. முதல் வகைப் படகு 32 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், ஒரு மீட்டர்தான் அமிழும். அதுவே பத்து டன் லாரி பத்தை ரோட்டிலிருந்து எடுத்துவிடும். உப்பும் செங்கல்லும் ஜல்லியும் அவசரப்படாத சரக்குகள். தண்ணீருக்குத் தக்கபடி படகைச் செய்துகொள்ளவும் முடியும். வாராணசியிலிருந்து திப்ருகருக்கு 2023-ல் புறப்பட்ட கங்கா விலாஸ் 62 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், ஆனால் அமிழ்வது 1.4 மீட்டர் மட்டுமே. ஆறு ஆழமில்லை என்று தெரிந்து தட்டையாகக் கட்டினார்கள். பாலத்தை உயர்த்த நிலம் இல்லாத இடத்தில் பாலமே வழிவிடலாம். பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. அதற்கு முன்னால் நூறு வருஷமாகப் பழைய பாலம் இரண்டாகத் திறந்து வழிவிட்டது. நம் ஊருக்குப் பழகிய வித்தைதான். ஒரு கிராமச் சாலைக்கு அந்த அளவு தேவையில்லை, சிறியதாகக் கட்டலாம். எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது, எந்தப் படகுக்காக என்று முதலில் தெரிந்தால்.

கேரளத்து நண்பர்களையும் கேட்டுப் பாருங்கள். கொல்லம் – கோட்டப்புரம் மேற்குக் கடற்கரைக் கால்வாய் 1993-லேயே மூன்றாம் தேசிய நீர்வழி ஆனது. கிளைக் கால்வாய்களோடு 205 கி.மீ. அந்தப் பாதையில் படகு விட நினைக்கிறவர் முதலில் விசாரிப்பது திருக்குன்னப்புழா லாக்கைத்தான்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். துறைமுகங்கள், கப்பல், நீர்வழிகள் அமைச்சகத்துக்கு உங்களில் ஒருவர், அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாக இதைக் கொடுங்கள். பதினைந்து நாள் முன்னால் கொடுத்தால் போதும். நான்காம் தேசிய நீர்வழியில் வட, தென் பக்கிங்காம் கால்வாய்களின் ஒவ்வொரு துண்டும் எந்த வகையாகத் தீர்மானிக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். அந்தத் துண்டில் இன்று ஆழம் மிகக் குறைந்த இடம் எது, அங்கே எவ்வளவு தண்ணீர், மிகத் தாழ்ந்த பாலம் எது, அதன் கீழே எத்தனை மீட்டர், தூண்களுக்கு இடையே மிகக் குறுகிய இடைவெளி எவ்வளவு, லாக் இருந்தால் அதன் நீள அகலம் என்ன, இவற்றை வைத்துப் பார்த்தால் போகக்கூடிய மிகப் பெரிய படகு எத்தனை டன் என்று கேளுங்கள். ஆழ விவரத்தை ஆணையம் சில நீர்வழிகளுக்குத் தன் இணையதளத்தில் வெளியிட்டு வருகிறது, பாராட்ட வேண்டிய வேலை. அதையே நம் கால்வாய்க்கும், பாலங்களையும் லாக்குகளையும் சேர்த்து, தமிழிலும் தெலுங்கிலும் வெளியிடச் சொல்லுங்கள். கடைசியாக ஒன்று. முட்டுக்காடு முதல் மரக்காணம்வரை இனி எந்தப் பாலத்துக்குச் சான்று கொடுத்தாலும் எத்தனை மீட்டர் உயரத்துக்குக் கொடுத்தார்கள் என்பதை அவையில் வைக்கச் சொல்லுங்கள்.

துணைக் கேள்வி கேட்க வாய்ப்புக் கிடைத்தால் ஒரே ஒரு பாலத்தின் பெயரைச் சொல்லி அதன் உயரத்தைக் கேளுங்கள். பொதுவான பதில் சொல்லித் தப்பிக்க முடியாது. பாலங்களின் பட்டியலும் வரைபடமும் வேண்டுமென்றால் நானும், ஓய்வுபெற்ற என் நண்பர்கள் சிலரும் தயாரித்துத் தருகிறோம். கூட்டத்தொடரின்போது தமிழ்நாடு இல்லத்தில் எந்த நாள் மாலையில் வரச் சொன்னாலும் காகிதங்களோடு வந்து நிற்போம்.

நன்றியுடன்,
மரக்காணத்துக்காரன் ஒருவன்,
மயூர் விஹார், தில்லி